பி.பி.யு வாசலில் 43 நாள்

இலங்கையின் கிழக்கில் இருக்கிற ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் குறைமாதப் பிள்ளைகள் பிரிவைப் பற்றி எழுதுகிறேன். எல்லோரும் பி.பி.யு என்றுதான் சொல்வார்கள். ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை. குறையும் எழுதப் போகிறேன். ஆனால் அங்கே வேலை செய்கிறவர்களில் பலர் எங்கள் பிள்ளைகளுக்காக இரவிரவாகக் கால்கடுக்க நின்றவர்கள், அவர்களைச் சந்தியில் நிறுத்த எனக்கு மனமில்லை. சாப்பாட்டுக் கடைக்கும் போனுக்கும் விமர்சனம் எழுதுவதற்கு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இந்த வாசலுக்கு முதல் தடவை ஓடி வருகிற குடும்பத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல ஒருவரும் இல்லை. நான் 43 நாள் அங்கே இருந்தேன்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம். ஆசிரியையாக இருந்து இளைப்பாறியவள். 2023 மாரியில் மகளுக்கு 30 கிழமை, வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள். ஒரு பின்னேரம் பன்னீர்க்குடம் உடைந்து விட்டது. கிட்ட இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் உடனே ஓர் ஊசி போட்டார்கள், பிறகு இன்னொன்று. பிள்ளைகளின் நுரையீரலுக்கு என்று சொன்னார்கள். ஊசி தாய்க்கு, பலன் பிள்ளைக்கு என்பது எனக்கு அன்று விளங்கவில்லை. நாம் மூச்சை விடும்போது நுரையீரலின் சின்னச் சின்னப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே வழுவழுப்பான ஒரு படலம் வேண்டுமாம். அது 34, 35 கிழமையில்தான் போதிய அளவுக்கு ஊறும். அதற்கு முன்பே வருகிற பிள்ளைக்கு அதைச் சீக்கிரம் ஊற வைப்பதுதான் அந்த ஊசியின் வேலை. பிறகு அம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் தாக்குப்பிடித்து, மூன்றாம் நாள் விடியற்காலையில் சிசேரியன் செய்தார்கள். பொடியன் 1,320 கிராம், பெட்டை 1,080 கிராம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், அதுதான் அதிகம்.

இரண்டு பிள்ளைகளுக்கும் மூக்கில் சின்னக் குழாய் வைத்துக் காற்றை அழுத்தமாகக் கொடுத்தார்கள். சீபாப் என்பார்கள். குழாயின் மறு நுனி ஒரு போத்தல் தண்ணீருக்குள் இருக்கும், அது குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். குமிழி நின்றால் எங்கேயோ காற்றுக் கசிகிறது என்று அர்த்தம், ஓடி வந்து சரிசெய்வார்கள். பெட்டைக்கு அதுவும் போதாமல், அந்தப் படலத்துக்கான மருந்தையே தொண்டைக் குழாய் வழியாக நுரையீரலுக்குள் விட்டார்கள். விலை கூடின மருந்து என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்களிடம் ஒரு சதம் வாங்கவில்லை. 43 நாளும் நாங்கள் செலவழித்தது ஓட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும்தான்.

தாதிமாரை நாங்கள் மிஸ் என்போம். அந்த மிஸ்மாரின் கைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். குறைமாதப் பிள்ளை சில நேரம் மூச்சு விட மறந்துவிடும். நெஞ்சு அசையாது, உதடு நீலமாகும், மெஷின் கத்தும். வாசலில் நிற்கிற எங்களுக்குக் குலை நடுங்கும். உள்ளே ஒரு மிஸ் பிள்ளையின் உள்ளங்காலை விரலால் மெல்லச் சுண்டுவார். பிள்ளை சுருங்கி, நெளிந்து, மூச்சை இழுக்கும். ஓர் இரவில் எத்தனையோ தடவை இது நடக்கும். மகள் சொன்னாள், ஒரு மிஸ் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் நின்று, எந்தப் பிள்ளையின் மெஷின் கத்துகிறது என்று திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டுவாராம்.

பால் விஷயத்திலும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் அம்மாவின் காலத்தில் மஞ்சளாக வருகிற முதற்பாலைப் பிழிந்து கொட்டிவிடுவார்கள். இங்கே ஒரு மிஸ் ஊசி இல்லாத சிரிஞ்சை மகளின் முலைக்காம்பில் வைத்துத் துளித்துளியாக உறிஞ்சி எடுத்தார். அரை மில்லிலீற்றர்தான் இருக்கும். அதைத் தங்கம் மாதிரிக் கொண்டு போனார். 32, 34 கிழமை ஆகும் வரைக்கும் பிள்ளைக்கு உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சு விடவும் ஒன்றாக வராது, அதனால் குழாய் வழியாகத்தான் பால். ஒரு மில்லிலீற்றரில் தொடங்கினார்கள். பால்மா வேண்டுமா என்று நான்தான் கேட்டேன். அந்த மிஸ் என் கையைப் பிடித்து, "அம்மா, இந்தக் குடலுக்குத் தாய்ப்பாலைவிட மருந்து இல்ல. மகளுக்கு நல்லாச் சாப்பாடு குடுங்க, அது போதும்" என்றார். அன்றிலிருந்து நான் சரக்குக் கறியும் பால்சுறாப் புட்டும் செய்து கொண்டு போனேன்.

வாசலில் எங்களோடு காத்தான்குடிப் பக்கத்து உம்மம்மா ஒருவர் இருந்தார். அவருடைய பேரனுக்கு மாதம் நிறைந்திருந்தது, மூன்று கிலோவுக்கு மேல். பிறந்ததும் அழவில்லை. மூளைக்குக் காற்றுப் போதவில்லை என்று, 72 மணித்தியாலம் பிள்ளையின் உடம்பை 33, 34 பாகைக்குக் குளிர வைத்தார்கள். பிறந்து ஆறு மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டுமாம். எங்கள் பிள்ளைகளைச் சூட்டில் வைத்திருக்கிறார்கள், உங்கள் பிள்ளையைக் குளிரில் வைத்திருக்கிறார்கள் என்று நாங்கள் இருவரும் அதையே திரும்பத் திரும்பக் கதைத்தோம். அவர் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தருவார், நான் அவருக்குப் புட்டுக் கொடுப்பேன். அந்தப் பேரன் சுகமாக வீட்டுக்குப் போனான்.

இனிக் குறைகள். சின்னதைச் சின்னதாகவே சொல்கிறேன். கை கழுவுகிற இடத்தில் முழங்கையால் திறக்கிற குழாய் ஒன்று நான்கு நாள் பழுதாகக் கிடந்தது. இருந்த ஒன்றில் தாய்மார் வரிசையில் நின்றார்கள். நான் எழுதிக் கொடுத்தேன், ஐந்தாம் நாள் திருத்தினார்கள். எங்கள் பெட்டைக்குப் பிறகு வந்த நோய் இதனால்தான் என்று நான் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியாது. ஆனால் 1,000 கிராம் பிள்ளைகள் இருக்கிற அறையில் குழாய் பழுதென்றால் அன்றே திருத்த வேண்டும்.

மொழி சின்னக் குறை இல்லை. பெரிய டொக்டர் தங்கமான மனிதர், ஆனால் அவருக்குச் சிங்களமும் ஆங்கிலமும்தான். எங்களுக்குத் தமிழ் மட்டும்தான். தமிழ் மிஸ் கடமையில் இருந்தால் விளங்கும். இல்லாவிட்டால் டொக்டரின் முகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் பிள்ளையின் நிலைமையைக் கணக்குப் போடுவோம். எட்டாம் நாள் பெட்டையின் வயிறு ஊதி, பச்சையாகக் கக்கினாள். பால் நிறுத்தப்பட்டது. இரத்தம் ஏற்றவென்று மருமகனிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். தாள் ஆங்கிலத்தில். மருமகன் தச்சு வேலை செய்கிறவர். நடுங்குகிற கையால் கையெழுத்தை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "மாமி, நான் எதுக்குச் சம்மதிச்ச?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

குடலில் ஏற்பட்ட அழற்சி என்று அடுத்த நாள் ஒரு தமிழ் மிஸ் விளக்கினார். பழுக்காத குடலின் சுவர் புண்ணாகி, அதற்குள்ளால் கிருமி இரத்தத்துக்குள் போய்விடுகிறது. தாய்ப்பால் குடித்த பிள்ளைகளுக்கு இது குறைவு, ஆனால் வராது என்றில்லை. இந்தக் கடைசி வசனத்தை அவர் மகளின் கண்ணைப் பார்த்துச் சொன்னார். என் பாலில்தான் பிழையோ என்று மகள் கேட்கு முன்பே சொல்லிவிட்டார். அந்த மிஸ் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

பெரிய குறை கதவு.

மகள் மேல் மாடியில், பிள்ளைகள் கீழே. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் பிழிந்து கொடுக்கிற நேரம்தான் தாய் உள்ளே போகலாம். போனால் கொஞ்ச நேரம் பிள்ளையைத் தொடலாம், பிறகு வெளியே. வயிற்றில் தையலோடு படி இறங்கி ஏறினாள். தகப்பனுக்கு மத்தியானம் அரை மணித்தியாலம். எனக்குக் கண்ணாடி. கிருமி வரும், இடம் இல்லை, வேலைக்கு இடைஞ்சல் என்று காரணம் சொன்னார்கள். நான் அதை மதிக்கிறேன், அறையையும் பார்த்தேன், நெருக்கம்தான். ஆனால் அந்த 43 நாளில் நான் கண்டது, தாயை வந்து போகிறவளாக வைத்திருப்பது பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய மருந்தை வாசலில் நிறுத்துவதற்குச் சமம். இதை நான் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு 1991க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் எனக்கு முதல் பிள்ளை. எட்டாம் மாதமே வலி வந்துவிட்டது. 1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு வாவியைத் தாண்டுவது பகலிலேயே பெரும்பாடு. மண்முனைப் பாலம் 2014இல்தான் வந்தது, அப்போது பாதைதான். ஆட்களையும் வண்டியையும் ஏற்றிக் கடக்கிற மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். இரவில் அது ஓடாது. வீட்டிலேயே பெற்றேன். பெண் பிள்ளை, என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குவாள். மருத்துவிச்சி பஞ்சு சுற்றினார். அம்மா சுடுதண்ணீர்ப் போத்தல் இரண்டைத் துணியில் சுற்றிப் பிள்ளையின் இரண்டு பக்கமும் வைத்தார். நான் துடக்கு, எனக்கும் பலவீனம் என்று பிள்ளையை அடுத்த பாயில் கிடத்தினார்கள். போத்தல் ஆற ஆற அம்மா எழுந்து மாற்றினார். மூன்றாம் நாள் இரவு அம்மா அயர்ந்து போனார். விடிய, போத்தலும் ஆறியிருந்தது, பிள்ளையும் ஆறியிருந்தாள். முகத்தை எனக்குக் காட்டவில்லை. பச்சை உடம்புக்காரி பார்க்கக் கூடாது என்று அப்பா தூக்கிக் கொண்டு போனார். எல்லோரும் என் நன்மைக்குத்தான் செய்தார்கள். அப்பா எந்த மரத்தடியில் வைத்தார் என்று கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

இப்போது கங்காரு முறை என்கிற ஒன்றைக் கேளுங்கள். 1970களின் கடைசியில், கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில், இன்கியுபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில் எட்கார் ரே என்ற பிள்ளை வைத்தியர் தொடங்கியது. பிள்ளையைத் தொப்பியும் நப்பியும் மட்டும் போட்டு, தாயின் இரு மார்புக்கும் நடுவில் தோலோடு தோலாக நிமிர்த்தி வைத்து, துணியால் கட்டி விடுவது. தாயின் உடம்புச் சூடுதான் இன்கியுபேட்டர். பிள்ளையின் மூச்சும் சீராகும், பாலும் கூடும். 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு: கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா என ஐந்து நாடுகளில், 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள். நிலைமை சீரான பிறகு கங்காரு தொடங்கிய பக்கத்தில் முதல் 28 நாளில் ஆயிரத்துக்கு 157 பேர் இறந்தார்கள். பிறந்த உடனேயே தொடங்கிய பக்கத்தில் 120. அப்படி உடனே தொடங்குவதற்காக அந்த ஆஸ்பத்திரிகள் தாயின் கட்டிலையும் பிள்ளையின் அறைக்குள்ளேயே போட்டார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனமும் நாளைக்கு 8 முதல் 24 மணித்தியாலம் என்று சொல்லிவிட்டது. என் பழைய மாணவி ஒருத்தி இப்போது தாதி, அவள்தான் இதையெல்லாம் எனக்கு வாசித்து விளங்கப்படுத்தினாள்.

அவள் சொல்லச் சொல்ல நான் வருடத்தைத்தான் கணக்குப் பார்த்தேன். 1991க்குப் பத்து வருடத்துக்கும் முன்பே ஒரு நாட்டில் இது தெரிந்திருந்தது. போத்தல் ஆறும், தாயின் நெஞ்சு ஆறாது. அந்த மூன்று நாளும் என்னிடம் நெஞ்சு இருந்தது. பாய் இரண்டு முழம் தள்ளி இருந்தது.

அந்தப் பிரிவில் கங்காரு இல்லாமல் இல்லை. ஏழாம் நாளில் இருந்து பொடியனைக் கொடுத்தார்கள். சாய்மனைக் கதிரை இரண்டுதான், தாய்மார் பதினொரு பேர். ஆளுக்கு ஒரு மணித்தியாலம், முறை வந்தால். அந்த ஒரு மணித்தியாலத்தில் மெஷின் ஒரு தடவையும் கத்துவதில்லை என்று மகள் வந்து சொல்வாள். பெட்டையை ஒரு நாளும் கொடுக்கவில்லை, அவளுக்குக் குழாய்கள் அதிகம்.

பதினோராம் நாள் விடியப்புறம் மூன்று மணிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். இரவுக் கடமையில் இருந்த மிஸ் இளம் பிள்ளை, இருபத்தைந்து வயது இருக்குமோ என்னவோ. சட்டம் என்ன சொல்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். டொக்டரிடம் கேட்டார், டொக்டர் தலையை ஆட்டினார். மருமகனையும் வரச் சொன்னார், பிறகு என்னைப் பார்த்து, "அம்மம்மாவும் வாங்க" என்றார். மகளைக் கதிரையில் சாய்த்து, சட்டையைத் திறந்து, தேவையில்லாத வயர்களைக் கழற்றிவிட்டு, பெட்டையைத் தாயின் நெஞ்சில் வைத்து மூடினார். பதினொரு நாளில் அதுதான் முதல் தடவை. "பேர் வச்சிட்டீங்களா?" என்று கேட்டார். நாங்கள் துடக்குக் கழியட்டும் என்று இருந்தோம். கட்டில் துண்டில் இரட்டை 2 என்றுதான் இருந்தது. மகள் அந்த இடத்திலேயே பிள்ளையின் காதில் பெயரைச் சொன்னாள். அது எங்கள் வீட்டுக்குள் இருக்கட்டும், இங்கே எழுதவில்லை. நாற்பது நிமிடம் இருந்தாள். நான் ஒரு விரலால் பாதத்தைத் தொட்டேன். சூடாக இருந்தது. கடைசி வரைக்கும் சூடாகவே இருந்தது.

என்னுடைய பிள்ளையின் முகம் எனக்குத் தெரியாது. என் மகளுக்குத் தன் பிள்ளையின் முகம் தெரியும், பாரம் தெரியும், மூச்சு நெஞ்சில் பட்டது தெரியும். அந்த நாற்பது நிமிடத்துக்காக அந்த ஆஸ்பத்திரிக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் காணாது. ஆனால் அது ஒரு மிஸ்ஸின் நல்ல மனதால் கிடைத்தது. வேறொருவர் கடமையில் இருந்திருந்தால் கிடைத்திருக்குமா? அது சட்டமாக இருக்க வேண்டும், ஒவ்வொரு தாய்க்கும் கிடைக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததும் திருத்தப்பட வேண்டியது. விடிந்ததும் மகளை மேலே அதே கட்டிலுக்கு அனுப்பினார்கள். ஒரு பக்கம் பிள்ளையோடு ஒரு தாய், மறுபக்கம் பிள்ளையோடு ஒரு தாய். வார்ட்டின் மூலையில் ஒரு திரையாவது போட்டிருக்கலாம். மருமகன் பிறப்பையும் பதிய வேண்டும், இறப்பையும் பதிய வேண்டும். எந்த மேசைக்கு முதலில் போவது என்று சொல்ல ஆளில்லாமல் தாள்களோடு அலைந்தார். நான் புதிதாக வைத்திருந்த வெள்ளை நூல் சேலையில் ஒரு முழம் கிழித்துக் கொடுத்தேன். என் தம்பி வந்து கொண்டு போய் அடக்கம் செய்தான். இடத்தை மகளுக்கும் காட்டியிருக்கிறோம். நான்தான் காட்டச் சொன்னேன்.

அன்று பகல் மகளுக்குப் பால் கட்டிக்கொண்டது. பிள்ளை போன உடம்புக்கு அது தெரியாதே. காய்ச்சலும் வந்தது. ஒரு மூத்த மிஸ் வந்து பக்கத்தில் இருந்து, ஒன்றும் கதைக்காமல் பாலைப் பிழிய உதவினார். பிறகு, "இது தம்பிக்கு" என்றார். அவ்வளவுதான். பொடியனின் அளவு அந்தக் கிழமையில் இரண்டு மடங்கானது.

மீதி நாட்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். பொடியனை நீல லைட்டில் மூன்று நாள் வைத்தார்கள், மஞ்சள் இறங்கியது. நாலாம் கிழமையில் கண் வைத்தியர் வந்து விழித்திரையைப் பார்த்தார். குறைமாதப் பிள்ளைகளுக்கு இதைத் தவறவிடவே கூடாது, பார்வையே போய்விடலாம். குழாயை எடுத்துக் கோப்பையால் பால், அப்புறம் நெஞ்சில். 43ஆம் நாள் 1,900 கிராமில் பி.சி.ஜி. ஊசி போட்டுத் துண்டு வெட்டினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு இரவில் மகளும், பகலில் நானும் மருமகனும் முறை வைத்து அவனை நெஞ்சில் கட்டிக்கொண்டோம். குடும்பநல மிஸ் கிழமைக்கு ஒருமுறை வந்து நிறுத்துப் பார்த்தார். 57 வயதில் நான் ஒரு பிள்ளையை அப்படிச் சுமந்தேன். இப்போது முற்றத்துக் கோழிகளை ஒரு நிமிடம் நிம்மதியாக இருக்க விடமாட்டான்.

2022இல் மட்டும் உலகத்தில் ஏறத்தாழ 23 இலட்சம் பிள்ளைகள் பிறந்து 28 நாளுக்குள் இறந்திருக்கிறார்கள். தெற்காசியாவில் அந்தக் கணக்குக் குறைந்த நாடுகளில் ஒன்று எங்களுடையது. அதற்குக் காரணமான மிஸ்மாரின் கால் வீக்கத்தை நான் பார்த்தேன். அதனால்தான் கேட்கிறேன். பெரிய மெஷின் கேட்கவில்லை. சாய்மனைக் கதிரை இன்னும் ஒன்பது, தமிழில் அச்சடித்த சம்மதத் தாள், திறந்திருக்கிற கதவு. கதிரைக்கு நாங்கள் ஊரில் காசு சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம், மருமகன் செய்து கொடுக்கிறேன் என்கிறார்.

இந்த வாசலுக்கு வருகிறவர்கள் கொண்டு வர வேண்டியது: பால் எடுக்க மூடியுள்ள சின்னப் போத்தல், பிள்ளைக்குப் பருத்தித் தொப்பி இரண்டு, தாய்க்குச் சுடுதண்ணீர்ப் பிளாஸ்க், டொக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதி வைக்க ஒரு கொப்பி. மகளுக்கு முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை மூன்று தைத்துக் கொடுங்கள். கழுத்து மூடிய நைட்டியோடு போனால், பிள்ளையைத் தருகிற நேரத்தில் நெஞ்சில் வைக்க வழியிருக்காது.